பத்தாம் நம்பர் வலது கால்

எங்கள் ஊர் ஒரு வருஷ காலம் ஷூ வடிவத்தில் இருந்தது. வலது கால், பத்தாம் நம்பர். விமானத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கவில்லை என்பவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஊரின் பெயர் தோப்புமுனை. தோப்பு கிடையாது. முனையைக் கடல் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது இருநூறு சொச்சம் வீடு, மேட்டில் ஒரு கோயில், ஒரு கமிட்டி. வீடுகளை வருஷத்துக்கு நாலைந்து என்று கடல் தின்றுகொண்டிருந்தது. கமிட்டியைத் தொடவில்லை. கடலுக்கும் ருசி என்று ஒன்று உண்டு.

என் பெயர் கபிரியேல். ஒரு துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்தேன். கடலடியில் இருந்து மண்ணை அள்ளி இன்னொரு இடத்தில் கொட்ட வேண்டும். கொட்டின மண் சில நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். மறுபடி அள்ளுவோம். இதைச் செய்துதான் ஓய்வூதியம் வாங்குகிறேன் என்பதால் இந்தக் கதையில் யாரையும் முட்டாள் என்று சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு.

என் தம்பி மகள் பிரகாசியின் வீட்டில் இருக்கிறேன். அவள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்பது வருஷம் உச்சிவெயிலில் நின்று அந்த வீட்டைக் கட்டினாள். ஒன்பதாவது வருஷம் ஜன்னலுக்குக் கம்பி போட்டபோது வாசலுக்கும் கடலுக்கும் நாற்பது எட்டு தூரம் இருந்தது. நான் சொல்லும் இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷத்தில் பதினொரு எட்டு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவள் எட்டு வைத்துப் பார்ப்பாள். என் கட்டிலும் அந்த வீட்டில்தான் கிடக்கிறது. ஆகவே நான் பிறகு செய்த காரியத்தில் தர்மம், நியாயம் எதையும் தேட வேண்டாம்.

அந்த வருஷம் நப்பின்னை என்று ஒரு கணக்குப் பேராசிரியை சென்னையிலிருந்து லாரி நிறைய மணல் மூட்டையோடு வந்தாள். கடற்கரைக்கு மணல் கொண்டுவந்த முதல் ஆளைப் பார்க்க ஊரே கமிட்டி மன்றத்தில் கூடியது.

"இது உறைமணல். பால்ல உறை ஊத்துறோம் இல்லையா, அந்த மாதிரி," என்றாள். "இதை எந்த வடிவத்துல போட்டு வைக்கிறோமோ, அலை கொண்டுவர்ற மணலை எல்லாம் அதே வடிவத்துல பிடிச்சு வெச்சுக்கும். நாம சின்னதா ஒரு கோலம் போட்டாப் போதும். கடல் அதைப் பெருசாக்கிக்கும்."

கமிட்டித் தலைவர் லூர்து மச்சாது கையை உயர்த்தினார். அவர் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் மாலை போட்டதுபோல் நெஞ்சை நிமிர்த்தியே இருப்பார். "தயிரெல்லாம் எதுக்கும்மா? ஒரு சுவர் கட்டித் தாங்க."

"சுவர் கட்டினா அலை கோபத்துல அடியில தோண்டும் சார். முக்கோணத்துக்குள்ள முக்கோணம், அதுக்குள்ள முக்கோணம்னு கோலம் போட்டா, அலை உள்ள வந்து வழி தெரியாமச் சுத்தும். கையில இருக்கிற மண்ணைக் கீழ போட்டுட்டுத் திரும்பிப் போயிடும்."

"மிஷின் வச்சுப் போடக் கூடாதா?"

"வண்டி ஏறினா உறை உடைஞ்சிடும். வெறுங்கால் எடைதான் தாங்கும். செருப்புகூடக் கூடாது. அதனாலதான் உங்களைக் கேக்கிறேன்."

இன்னொரு காரணத்தை என்னிடம் தனியாகச் சொன்னாள். கடலரிப்பைத் தடுக்க என்று விண்ணப்பம் போட்டால் பதில் வருவதற்குள் ஊர் இருக்காது. 'சமூகக் கணிதக் கலைத் திட்டம்' என்று போட்டாளாம். பத்தே நாளில் கையெழுத்தாகிவிட்டது.

விதி ஒன்றே ஒன்றுதான். கரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு கட்டம். முன் வரிசையில் உங்களுக்கு எதிரே இரண்டு கட்டம் இருக்கும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் கட்டத்தை மட்டமாக விட வேண்டும். வெவ்வேறாக இருந்தால் மேடு போட வேண்டும். கோயில் மேட்டில் தொடங்கி, வரிசை வரிசையாகக் கடலை நோக்கி இறங்க வேண்டும். முக்கோணங்கள் தாமாக வந்துவிடும்.

இதைப் படிக்க எங்கள் ஊருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தன் கட்டத்தில் ஆசைக்காக ஒரு மீன் வரைந்தவர்கள் ஏழு பேர். மகன் பெயர் எழுதியவர்கள் நாலு பேர். வலைக்கார சூசை என்று ஒருவன், முன் வரிசையில் தனக்கு எதிரே பிரகாசி நிற்பதைப் பார்த்துவிட்டு, மணல் இழுக்கும் பலகையைக் கீழே போட்டான். இரண்டு குடும்பத்துக்கும் ஒரு கோழி விஷயமாகப் பதினாலு வருஷமாகப் பேச்சு கிடையாது.

"அவ போட்டதைப் பாத்து நான் போடவா? எனக்கென்ன தலையெழுத்து?"

"அவங்களைப் பாக்க வேண்டாம். கட்டத்தை மட்டும் பாருங்க," என்றாள் நப்பின்னை.

"கட்டத்துலதானம்மா அவ நிக்குதா!"

கடைசியில் நப்பின்னை இன்னொன்றும் சொன்னாள். "வருஷா வருஷம் மேல ஒரு அடுக்கு போடணும். ஆனா ஒரு கட்டம் தள்ளித்தான் போடணும். அதே இடத்துல அதே கோலத்தைப் போட்டா, மணல் பழசையும் புதுசையும் ஒப்பிட்டு, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்குன்னு மட்டமாக்கிடும். மொத்தமும் கரைஞ்சிடும்."

இதை யாரும் கேட்கவில்லை. அப்போது டீ வந்துவிட்டது.

தொடக்க விழாவுக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வந்தார். எங்கிருந்து, என்ன பதவி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஷூவைச் சொல்கிறேன்: கறுப்புத் தோல், உயர்ந்த குதிகால், நன்றாகப் பாலிஷ் போட்டது. மூன்று வரிசை முடிந்து நாலாவது வரிசை நடந்துகொண்டிருந்தது. பிரகாசி தன் கட்டத்தை உப்புப் பாத்தி மட்டம் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, சுத்தமாக மட்டமாக்கி நிமிர்ந்தாள். போட்டோவுக்கு வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். விருந்தினர் மூன்று வரிசையையும் தாண்டி வந்து, வலது காலை அவள் கட்டத்தில் வைத்து, எடையை அதன்மேல் போட்டு, தொலைவில் ஒன்றுமில்லாத ஒரு திசையைப் பார்த்தார். படம் எடுத்தார்கள். போய்விட்டார்.

பிரகாசி தடத்தை அழிக்கக் குனிந்தாள்.

"ஏட்டி! கைய எடு!" மச்சாது மேட்டிலிருந்து ஓடிவந்தார். "பெரிய மனுசங்க கால் பதிஞ்ச எடம்! போட்டோல வந்த எடம்! அதைப் போயி அழிக்கிதியே?"

"என் கட்டம் மட்டமா இருக்கணும் அண்ணாச்சி. டீச்சர்ட்ட கேளுங்க."

எல்லாரும் நப்பின்னையைப் பார்த்தார்கள். திட்டம் இரண்டாம் வருஷம் தொடர அந்த விருந்தினரின் கையெழுத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் தடத்தைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஒரு கட்டம்தானே," என்றாள். "பரவாயில்லை."

பிரகாசி கையை எடுத்தாள். தடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, செவ்வந்திப் பூ தூவினார்கள். ஐந்தாவது வரிசையில் சூசை நின்றிருந்தான். அவன் வாழ்நாளில் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அன்றைக்கு ஒரு நாள்தான். முன் கட்டத்தில் ஷூ இருந்தது. அதைப் பார்த்து அப்படியே போட்டான். அவனைப் பார்த்து அடுத்தவன். இருநூறு பேரும் கடல்வரைக்கும் மிக மரியாதையாகத் தப்புச் செய்துகொண்டு போனார்கள்.

முதல் மாதம் முப்பது எட்டு மணல் சேர்ந்தது. மூன்றாம் மாதம் நூறு. ஊர் ஆடிற்று. முக்கோணங்களும் அங்கங்கே வளர்ந்தன. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மணல் எதை இறுக்கமாக மிதித்தார்களோ அதைத்தான் உயிராகப் பிடித்துக்கொண்டது. குதிகால் ஒரு மைதானமாக எழும்பியது. முன்பாதம் அதைவிடப் பெரிய மைதானம். அடித்தோலில் இருந்த கம்பெனிப் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் பதிந்து, ஒவ்வொரு எழுத்தும் ஒரு தெரு அகலத்துக்கு வளர்ந்தது. ஒரு எழுத்தின் வளைவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கமிட்டி உடனே புதுத் தரையைப் பங்கு போட்டது. குதிகாலில் வலை காயப்போடும் இடமும் சூசை மாதிரி ஆட்களுக்கு வீடும். பெருவிரலில் கமிட்டிக்குப் புது மன்றம்.

ஷூவுக்குக் குதிகால் ஒன்று, முன்பாதம் ஒன்று. நடுவில் தரையைத் தொடாத பள்ளம் ஒன்று இருக்கும் அல்லவா? அந்தப் பள்ளத்திலும் கடல்தான் இருந்தது. இரண்டு மேட்டுக்கும் நடுவே நெருக்கிப் பிடிக்கப்பட்டு, முன்னைவிட வேகமாக, நேராக உள்ளே வந்தது. அந்த நேர்கோட்டின் முடிவில் பிரகாசியின் வீடு இருந்தது.

பதினொரு எட்டு ஒன்பதாயிற்று. ஏழாயிற்று. கார்த்திகையில் நாலு.

பிரகாசி மன்றத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன்; எனக்கு வேறு வேலை இல்லை.

"அந்த ஒரு கட்டத்தைத் தோண்டித் திருப்பிப் போட்டா சரியாயிரும்ணு டீச்சர் சொல்லுதாவ," என்றாள்.

மச்சாது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எம்மா பிரகாசி, யோசிச்சுப் பேசு. அதைத் தோண்டினா இந்தத் தரை என்னாவும்? மன்றம் என்னாவும்? பெரியவரு மொகத்துல நாங்க எப்படி முழிக்க? நீ வேணும்னா வீட்டைக் காலி பண்ணிக்கோ. குதிகாலுக்குப் பின்னால ஒரு எடம் தாரோம். ஊருக்காவ ஒரு வீடு போனாப் போவட்டுமே."

"அன்னைக்கு ஒரு கட்டம்னீங்க. இன்னைக்கு ஒரு வீடுங்கிய."

"ஒண்ணுதானே?"

"உங்களுக்கு எல்லாமே ஒண்ணுதான் அண்ணாச்சி. எனக்குத்தான் ஒண்ணே ஒண்ணு."

நியாயத்தைக் கேட்டுத் தலையாட்டக்கூடிய ஆள் அந்த மன்றத்தில் ஒருவர் இருந்தார். அவருக்குக் காது கேட்காது.

அந்த வாரம் நப்பின்னை அளவெடுக்க வந்தாள். எங்கள் வாசலில் நின்று உள்ளே வரத் தயங்கினாள். பிரகாசி அவள் முன்னால் தட்டை வைத்து, சோறு போட்டு, நெத்திலிக் குழம்பை ஊற்றினாள். அவள் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கேட்டாள்.

"டீச்சர், அது தப்புன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

நப்பின்னையின் கை நின்றது. "தெரியும்."

"இப்பிடி என் வீட்டுக்கு நேரா வரும்னு?"

"அது... அன்னிக்குச் சாயங்காலம் கணக்குப் போட்டுப் பாத்தேன். தெரிஞ்சுது."

பிரகாசி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். கணக்குப் படித்தவர்கள் அழுவது எனக்குப் பிடிக்காது; விடைத்தாளை நனைக்கிற மாதிரி இருக்கும். ஆகவே பேச்சை மாற்றினேன்.

"ஏம்மா, அந்தத் தப்பைச் சரிசெய்ய வேற வழியே கிடையாதா?"

"தோண்டணும். இல்லேன்னா..." மூக்கை உறிஞ்சினாள். "இல்லேன்னா அதே தப்பை அதே இடத்துல இன்னொரு தடவை செய்யணும். மணல் ரெண்டையும் ஒப்பிட்டு மட்டமாக்கிடும். ஆனா யாரு சார் ஒரே தப்பை ரெண்டு தடவை செய்வாங்க?"

அவளுக்கு எங்கள் ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மச்சாதுவைப் பார்க்கப் புறப்பட்டேன். வாசலில் நப்பின்னை பின்னாலேயே வந்தாள்.

"சார், கோலமும் அதேதான்னா முக்கோணங்களும் போயிடும். சேர்ந்த தரை மொத்தமும் போயிடும். மறுபடி பதினொரு எட்டுதான். உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது."

"அங்க வீடு கட்டினவங்க?"

"நீ அளவெடுக்க வந்தவ. அளவை எடு," என்றேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் அதைவிட நல்ல பதில் இப்போதும் இல்லை.

மச்சாதுவிடம் நான் பொய் சொல்லவில்லை. "முதலாமாண்டு விழா வருது. பெரியவரைக் கூப்பிடும். அவரு கால் வச்ச ராசிதான் இவ்வளவும். டீச்சரு என்னமோ கோலத்தை ஒரு கட்டம் தள்ளிப் போடணும்னு சொல்லுதா. எதுக்கு வே வம்பு?" என்றேன்.

"தள்ளிப் போடவா? நடந்துக்கிட்டு இருக்கதை எவனாவது மாத்துவானா?" மச்சாது கொதித்துப் போனார். "போன வருசம் எப்படியோ அப்படியே! அதே எடம், அதே ஆளு, அதே கட்டம், அதே பூ!"

கூட்டத்தில் நப்பின்னையிடம் இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இரண்டாம் தடவையாக ஒரு தப்பைப் போக விட்டாள்.

விழா நாள் காலை, கடல் வற்றிய நேரம். பழைய அடுக்கின் மேல் புது உறைமணல் பரப்பி, மூன்று வரிசை அப்படியே போட்டுவிட்டார்கள். நாலாவது வரிசையில் பிரகாசி பலகையோடு நின்றாள். வாசலுக்கும் கடலுக்கும் அன்றைக்கு இரண்டு எட்டு. விருந்தினர் வந்தார். பதவி உயர்ந்திருந்தது; ஷூ அதேதான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கட்டத்தின் ஓரத்துக்கு வந்தவர் நின்றார். பூவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கைகூப்பி நின்ற ஜனத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு புனிதமான இடம்," என்றார். குனிந்து ஷூவைக் கழற்றினார்.

அந்த மனிதர் தன் வாழ்க்கையில் அடக்கமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம் மட்டுமாகத்தான் இருக்கும். என் திட்டத்தைக் குழிதோண்டிப் புதைக்க அந்த நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தார். காலுறையையும் உருவினார். வெறுங்காலை அவள் கட்டத்தில் அழுத்தி வைத்தார். படம் எடுத்தார்கள். ஜனங்கள் கண் கலங்கினார்கள். நப்பின்னை என் கையைப் பிடித்தாள்.

அவர் போன பிறகு பிரகாசி குனிந்து தடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பெரியப்பா, இங்கன வாங்க. இந்த ஆளுக்குப் பாதத்துல வளைவே இல்ல. தட்டைக் கால்."

நான் தூர்வாரும் கப்பல் ஆள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நப்பின்னைக்குப் புரிந்தது. மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, பைத்தியம் பிடித்தவள்போல் சிரித்தாள். "குதிகால் மேல குதிகால், ஒண்ணுபோல. மட்டம். முன்பாதம் மேல முன்பாதம், மட்டம். நடுவுல அன்னிக்குப் பள்ளம், இன்னிக்கு முழுசா பதிஞ்சிருக்கு. வேற வேற! மேடு!"

அடுத்த மூன்று வாரத்தில் கடல் தன் மண்ணைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அவசரப்படவில்லை. கமிட்டி மன்றம் கூட்டம் நடக்கும்போதே இறங்கத் தொடங்கியது. தீர்மானம் நிறைவேறும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்ற மச்சாதுவை முழங்கால் தண்ணீரில் தூக்கி வந்தார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. ஆள் யாரும் சாகவில்லை. பொருள் போயிற்று. ஷூவைவிடக் கால் ஒரு விரற்கடை சிறிது என்பதால், சுற்றிலும் ஓரம் மட்டும் மெல்லிய கரையாகக் கொஞ்ச நாள் நின்றது; அதற்குள் வள்ளங்களைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அதுவும் போயிற்று.

பிரகாசியின் வாசலில் ஒரு மேடு எழும்பியது. மூன்று ஆள் உயரம். பத்தாம் நம்பர் ஷூவில் தரையைத் தொடாத ஒரே இடம்.

சூசையின் வீடு குதிகாலில் இருந்தது. புது ஓடு போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவன் மனைவியையும் மூட்டையையும் கூட்டிக்கொண்டு கோயில் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். பிரகாசி நேராகப் போனாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நப்பின்னை சொல்லியிருந்தாள்.

"உனக்காவத்தான் செஞ்சேன்," என்றேன் அன்றைக்கு.

"நான் கேட்டேனா?" என்றாள். என் கட்டிலைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டு, முன்னறையைச் சூசை குடும்பத்துக்குக் கொடுத்தாள். கோழி விஷயம் என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சூசை காலையில் எழுந்து எங்கள் மேட்டில் எட்டு வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

கமிட்டி கூடி ஆராய்ந்தது. ஏழு கூட்டம். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: பெரியவர் ஷூவைக் கழற்றியதுதான் தப்பு. மூன்றாம் வருஷ அழைப்பிதழில் தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்கள்: 'சிறப்பு விருந்தினர் தயவுசெய்து காலணியுடன் எழுந்தருள வேண்டும்.' பத்திரிகையைப் பிரகாசிக்கு மச்சாதுவே கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு அடுப்பு பற்றவைக்க எடுத்துவைத்தாள்.

விருந்தினர் வந்தார். நாலாவது வரிசை. கறுப்புத் தோல், உயர்ந்த குதிகால். அழுத்தி வைத்தார், ஒன்றுமில்லாத திசையைப் பார்த்தார், படம் எடுத்தார்கள். அவர் ஷூ அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்குள் பிரகாசி குனிந்து, உப்பு வாரும் பலகையை ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஏட்டி! கைய எடு!" மச்சாதுவின் குரல் கோயில் மணியைத் தொட்டது. "யாரு காலுன்னு நெனச்ச?"

"யாரு கட்டம்னு நெனச்சிய?" என்றாள் அவள், நிமிராமல்.

விருந்தினர் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தாள். கொஞ்சம் வலதுபுறம் உயர்ந்திருந்தது, அதையும் இழுத்துவிட்டாள். எல்லாரும் இப்போது ஐந்தாவது வரிசையைப் பார்த்தார்கள். சூசை அங்கே பலகையோடு நின்றிருந்தான். மச்சாதுவைப் பார்த்தான். முன்னால் இருந்த கட்டத்தைப் பார்த்தான்.

"மட்டமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் குனிந்தான்.

அவனைப் பார்த்து அடுத்தவன். கடல்வரைக்கும் போனார்கள். துணிச்சல் வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் இருப்பவனைப் பார்த்துச் செய்வதைத் தவிர எங்கள் ஊருக்கு வேறொன்றும் தெரியாது.

பழைய அடுக்கெல்லாம் கரைந்துபோயிருந்ததால் மணலுக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை; அந்த வருஷம் இருபத்தாறு எட்டு சேர்ந்தது. அடுத்த வருஷம் நப்பின்னை சொன்னபடி ஒரு கட்டம் தள்ளிப் போட்டார்கள், இன்னும் முப்பது. முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் முக்கோணம் என்று அலை வந்து சுற்றிவிட்டு, மண்ணைப் போட்டுவிட்டுப் போகிறது. விருந்தினர் யாரும் வருவதில்லை. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் கரை.